சம்பளத்தைக் கேட்ட காலம், வயதைக் கேட்கும் காலம்

திருமுல்லைவாயிலில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மனை வாங்கி வீடு கட்டியவர்களிடம் "எங்கே வேலை?" என்று கேட்டால் ஆலைப் பெயர்தான் பதிலாக வரும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையான எச்.வி.எஃப்., படை உடைத் தொழிற்சாலையான ஓ.சி.எஃப்., பிறகு டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரிட்டானியா. இவை எதிலும் இல்லையென்றால் 'எஸ்டேட்'. அம்பத்தூர் தொழிற்பேட்டையை இந்தப் பக்கத்தில் யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. அந்தப் பதிலிலேயே இன்னொரு விஷயமும் தெரிந்துவிடும். அந்த வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போவார்கள், ஆபரேஷன் என்றால் எந்த ஆஸ்பத்திரி, செலவு யார் தலையில் விழும் என்பதெல்லாம் அந்த ஆலைப் பெயருக்குள் அடக்கம்.

இன்று அதே தெருக்களில் ஓய்வு பெற்றவர்கள் மாலையில் நடக்கப் போகும்போது பேசிக்கொள்வது வேறு. "பாலிசி ரினியூவல் வந்துடுச்சா? உங்களுக்கு எவ்வளவு ஏத்தியிருக்கான்?" ஒருவர் தொகையைச் சொல்வார். இன்னொருவர் அதைவிடப் பெரிய தொகையைச் சொல்வார். மூன்றாமவர், "நான் போன வருஷமே விட்டுட்டேன்" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். மருத்துவம் வளர்ந்தது, செலவும் வளர்ந்தது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது உண்மையில் பாதிதான். பணத்தை யாரிடமிருந்து, எந்தக் கணக்கில் வாங்குவது என்ற விதியும் மாறிப்போனது. அன்று சம்பளத்தைப் பார்த்து வாங்கினார்கள். இன்று வயதைப் பார்த்து வாங்குகிறார்கள். என் கவலை முழுக்க இந்த மாற்றத்தைப் பற்றியது.

1955 ஜனவரியில் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. ஆவடி என்றால் இன்றும் பழையவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அதே மாதம் 23ஆம் தேதி கோயம்புத்தூரில் இன்னொரு காரியம் நடந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், அதாவது நாம் சொல்லும் இ.எஸ்.ஐ., அன்றைய சென்னை மாநிலத்தில் முதன்முதலாக அங்கே தொடங்கியது. பேராசிரியர் பி.பி. அடார்கர் 1944இல் கொடுத்த அறிக்கையிலிருந்து 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டு கழித்து நம் பக்கம்.

அதன் கணக்கு எளிமையானது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, முதலாளியிடமிருந்து அதைவிடப் பெரிய பங்கு. இருபது வயதுப் பையனும் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் ஒரே சம்பளம் வாங்கினால் ஒரே தொகை. சர்க்கரை உண்டா, அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததா, முன்பே ஏதாவது ஆபரேஷன் ஆனதா என்று ஒரு கேள்வி கிடையாது. மனைவி, பிள்ளைகள், நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அட்டை. பல் வலிக்கும் அதுதான், புற்றுநோய்க்கும் அதுதான்.

அம்பத்தூர்ப் பக்கத்து டிஸ்பென்சரி வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் காலை நேரம் மறக்காது. வீட்டிலிருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துப் போக வேண்டும். பாட்டில் இல்லாவிட்டால் மருந்து இல்லை. டாக்டர் சீட்டில் எழுதியதை ஜன்னலில் நீட்டினால் கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிற மிக்சரை ஊற்றுவார். ஒரு தாள் துண்டை மடித்துக் கத்தரித்துப் பக்கவாட்டில் பல் பல்லாக வரும்படி செய்து பாட்டிலில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அந்தத் தாளைப் பார்த்துச் சரியாக மருந்து கொடுத்துவிடுவாள். மாத்திரையை ஒரு துண்டுக் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள். டாக்டர் முகம் பார்த்துப் பேசிய நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் பர்ஸை எடுக்க வேண்டிய அவசியமும் இருக்காது.

பெரிய நோய் என்றால் அயனாவரம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை, "அயனாவரத்துல சேர்த்திருக்கோம்" என்றாலே புரியும். படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்கு வந்து சேரும். இன்றைய விதிப்படி அது 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய் என்றால் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீளும். நோயாளிக்கு மருந்து தருவது ஒன்று, அவன் வீட்டு அடுப்பு எரிவதற்கும் வழி செய்வது இன்னொன்று. இந்த இரண்டாவதை இன்று சந்தையில் விற்கும் சாதாரண மெடிக்ளைம் பாலிசி செய்வதில்லை.

இ.எஸ்.ஐ.யைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அந்த வரிசையில் நின்றவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மருந்து இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பியதும், அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் நின்றதும், "உனக்கு ஒண்ணுமில்லை, லீவு எழுதத்தானே வந்தே?" என்று ஏச்சு வாங்கியதும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்யக் கையெழுத்து வாங்கப் பட்ட பாடும் உண்டு. கொஞ்சம் வசதி வந்த தொழிலாளிகள் கார்டு இருந்தும் தனியார் டாக்டரிடம் போனார்கள். குறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் எத்தனையோ குழந்தைகள் பிறந்ததும், எத்தனையோ காசநோய்க்காரர்கள் எழுந்து நடந்ததும் அந்தக் கார்டால்தான்.

ஆலைகள் தாங்களே நடத்திய ஆஸ்பத்திரிகளும் இருந்தன. முருகப்பா குழுமம் 1966இல் அம்பத்தூரில் தொடங்கிய சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி ஊர்க்காரர்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது. எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப். ஊழியர்களுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறை ஆஸ்பத்திரி. அவர்கள் மத்திய அரசு ஊழியர்கள், அவர்கள் கணக்கே தனி. தெருவில் அவர்களைப் பார்த்து மற்றவர்களுக்குச் சின்னப் பொறாமை இருந்தது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு எச்.வி.எஃப். ஏ.வி.என்.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் போனபோது, சம்பளத்துக்கு அடுத்தபடியாக அந்த ஊழியர்கள் கவலைப்பட்டது மருத்துவ வசதியைப் பற்றித்தான்.

ஆலைக்கு வெளியே இருந்தவர்கள்? மாடு வைத்திருந்தவர், சலூன்காரர், தையல்காரர், சோளம்பேடு ரோட்டில் தள்ளுவண்டி வைத்திருந்தவர். அவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி அல்லது சென்ட்ரல் எதிரே ஜி.எச். ரயில் ஏறினால் அரை மணிக்குச் சற்று மேல். அங்கும் முடியாதென்றால் சேட்டுக் கடை. தாலியில் கோர்த்திருந்த குண்டுமணி வரை அடகுக்குப் போன வீடுகள் உண்டு. பழைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இவர்கள்தான் காரணம். கண்ணிழந்த சுந்தரர் மாசிலாமணீஸ்வரர் சன்னதியில் வந்து நின்று துயர் தீர்க்கச் சொல்லிப் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் இது. ஆலை இல்லாத மனிதனுக்கு வெகுகாலம் அந்தச் சன்னதியும் ஜி.எச்.சும்தான் துணை.

அன்றைக்கு வெளிநாட்டுச் சிகிச்சை என்றால் அது செய்தித்தாளில் படிக்கிற விஷயம். 1968 செப்டம்பரில் முதலமைச்சர் அண்ணா நியூயார்க் போய் டாக்டர் மில்லரிடம் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். திரும்பி வந்தார், ஆனால் 1969 பிப்ரவரி 3இல் காலமானார். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் சேர்க்கப்பட்டு, ஒரு மாதத்தில் தனி விமானத்தில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் அங்கே சிறுநீரக மாற்று நடந்தது, கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள் லீலாவதி. வேலூர் சி.எம்.சி.யில் 1971லேயே சிறுநீரக மாற்று நடந்திருந்தாலும், நாட்டின் பெரிய மனிதர்கள் அப்போது அமெரிக்காவைத்தான் நம்பினார்கள். அப்பல்லோ பிறந்த கதையிலும் அமெரிக்கா உண்டு. இதய அறுவை சிகிச்சைக்கு அங்கே போகப் பணம் புரட்ட முடியாமல் ஓர் இளம் நோயாளி இறந்ததுதான் தன்னை உலுக்கியது என்று அதைத் தொடங்கிய டாக்டர் பிரதாப் ரெட்டி சொல்லியிருக்கிறார். 1983 செப்டம்பரில் கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ திறந்தது. கம்பெனி நடத்தும் ஆஸ்பத்திரி என்ற புதிய வகை அங்கிருந்து வளர்ந்தது.

எம்.ஜி.ஆருக்குப் புரூக்ளினில் நடந்தது இன்று சென்னை அரசு ஆஸ்பத்திரிகளில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வரும் கூலித் தொழிலாளிக்கும் நடக்கிறது. இதை நினைத்துப் பெருமைப்படாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இன்னொரு பக்கம் மெல்ல வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1986இல் அரசின் நான்கு பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'மெடிக்ளைம்' என்ற பாலிசியைக் கொண்டு வந்தன. அப்போது இந்தத் தெருக்களில் அதை வாங்கியவர்கள் அபூர்வம். ஏஜென்ட் என்றால் எல்.ஐ.சி. ஏஜென்ட்தான். 1999இல் காப்பீட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்து தனியாருக்குக் கதவு திறந்தது. 2001இல் டி.பி.ஏ. என்ற இடைநிலை நிறுவனங்களுக்கு விதி வந்தது, கேஷ்லெஸ் என்ற சொல் பழகியது. 2006இல் சென்னையிலேயே ஸ்டார் ஹெல்த் தொடங்கியது. உடல்நலத்துக்கு மட்டும் என்று நாட்டில் வந்த முதல் காப்பீட்டு நிறுவனம் அது.

அதே காலத்தில் இ.எஸ்.ஐ.யின் வேலி மட்டும் சம்பளத்தோடு சேர்ந்து நகரவில்லை. எவ்வளவு சம்பளம் வரை இந்தத் திட்டத்தில் இருக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 1952இல் அது 400 ரூபாய். 1992இல் 3,000. 1997இல் 6,500. 2004இல் 7,500. 2006இல் 10,000. 2010இல் 15,000. 2017 ஜனவரி முதல் 21,000. அதன் பிறகு எட்டு ஆண்டுக்கும் மேலாக அந்தக் கோடு அப்படியே நின்றது. அதற்குள் அரிசி விலை, வீட்டு வாடகை, குறைந்தபட்சக் கூலி எல்லாம் எங்கோ போய்விட்டன. எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் அனுபவசாலி ஒருவருக்கு இன்க்ரிமென்ட் வந்து சம்பளம் 21,500 ஆகிறது என்று வையுங்கள். நடப்பு ஆறு மாதப் பருவம் முடியும் வரைதான் அவர் இ.எஸ்.ஐ.க்குப் பங்கு கட்டலாம். அந்தப் பங்குக்குரிய பலன் காலமும் முடிந்த பிறகு அவரும், அவர் மனைவியும், சர்க்கரை நோயாளியான அவர் அம்மாவும் ஒரே நாளில் வெளியே. ஐநூறு ரூபாய் கூடுதலாக வந்ததற்கு இந்த விலை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகவும், முதலாளி பங்கு 4.75இலிருந்து 3.25 ஆகவும் குறைக்கப்பட்டன. 20,000 ரூபாய் சம்பளக்காரருக்குக் கையிலிருந்து போவது மாதம் 150, கம்பெனி போடுவது 650. ஆக 800 ரூபாயில் ஒரு குடும்பமே, தொகை வரம்பு எதுவும் இல்லாமல், தலைவலி மாத்திரை முதல் பைபாஸ் வரை அடங்குகிறது. பங்குத் தொகையை இவ்வளவு குறைக்க முடிந்தது என்றால், அதே தொகையை வைத்துக்கொண்டு மருந்து இருப்பையும் டாக்டர் எண்ணிக்கையையும் கூட்டியிருக்கலாம், கோட்டையும் மேலே நகர்த்தியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெளியே வந்தவருக்கு எது காத்திருக்கிறது? நல்ல கம்பெனி என்றால் குரூப் இன்சூரன்ஸ் உண்டு. வேலை இருக்கும் வரை அது நன்றாகவே வேலை செய்யும். எஸ்டேட்டின் பழைய ஷெட்டுகள் இருந்த இடங்களில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பாதுகாப்பு, அவர்கள் பெற்றோருக்கும் அதிலேயே இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் வேலை போன அன்றைக்கே காப்பீடும் போகும். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றாலும் அப்படித்தான். உடம்பு முதன்முதலாகக் கேட்கத் தொடங்கும் வயதில், கையில் வரவு நின்ற நேரத்தில், முதல் தடவையாகச் சொந்தப் பணத்தில் பாலிசி வாங்கப் போக வேண்டும். அந்த விண்ணப்பத்தின் முதல் கேள்வி பிறந்த தேதி.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி தர மாட்டோம் என்று சொல்லும் வழக்கத்துக்கு 2024இல் முடிவு வந்தது. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் நான்கு ஆண்டாக இருந்தது, மூன்றாகக் குறைந்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டியவரிடம் "முன்னாடியே நோய் இருந்ததை மறைச்சீங்க" என்று, மோசடியை நிரூபிக்காமல், மறுக்க முடியாது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களுக்குப் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போய்விட்டது. நாற்பதாயிரம் பிரீமியம் கட்டுபவருக்கு 7,200 ரூபாய் மிச்சம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினால் ஏழரை ஆண்டில் இரட்டிப்பு. ஓய்வு பெற்றவரின் பி.எஃப். வட்டி அப்படி ஏறுவதில்லை.

பாலிசி இருந்தும் கைக்காசு போவது எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது இதை யாரும் விளக்குவதில்லை. மூன்று லட்சத்துக்குப் பாலிசி, அறை வாடகை நாளுக்கு ஒரு சதவீதம் என்று ஷரத்து இருக்கிறது. ஆக 3,000. ஆஸ்பத்திரியில் அந்த வாடகைக்கு அறை இல்லை, 6,000 ரூபாய் அறையில் சேர்க்கிறார்கள். கூடுதல் 3,000 மட்டும் நம் பொறுப்பு என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் என்று அறையின் தரத்தோடு சேர்ந்து ஏறும் எல்லாவற்றிலும் பாதியைத்தான் கம்பெனி தரும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் இந்த வெட்டு கூடாது என்று 2020இல் விதி வந்தது. மற்றதில் வெட்டு வெட்டுதான். அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியா என்று முதலில் பாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு அண்ணனுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து "வீட்டுக்குப் போகலாம்" என்றார். கையிலிருந்த ஊசியைக் கழற்றினார்கள். பையெல்லாம் கட்டியாகிவிட்டது. அண்ணி இன்சூரன்ஸ் கவுண்டருக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "ஏம்மா, அப்ரூவல் வந்துடுச்சா?" "இன்னும் இல்லைங்க ஆன்ட்டி, குவெரி போட்டிருக்காங்க. பழைய ஸ்கேன் ரிப்போர்ட் கேக்கறாங்க." பழைய ஸ்கேன் வீட்டு பீரோவில். பையன் ஆபீஸிலிருந்து வந்து, வீட்டுக்குப் போய், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மதியச் சாப்பாட்டுக்கும் ஆஸ்பத்திரிக் கணக்குத்தானா என்று தெரியாமல் அண்ணன் பட்டினியாகவே இருந்தார். இருட்டிய பிறகு அப்ரூவல் வந்தது. கூடவே கழிவுப் பட்டியல்: கையுறை, மாஸ்க், அட்மிஷன் கிட், பதிவுக் கட்டணம். டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும், தாமதத்தால் ஆகும் கூடுதல் செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 2024 மே மாதத்திலேயே விதி வந்திருக்கிறது. அந்தக் கவுண்டரில் அதை எழுதி ஒட்டியிருந்தால் அண்ணிக்குக் கேட்கவாவது தைரியம் வந்திருக்கும்.

இன்னொன்று. இந்தப் பாலிசிகளில் பெரும்பாலானவை படுத்தால்தான் பணம் தரும். ஆனால் நடுத்தரக் குடும்பத்தை மாதாமாதம் அரிப்பது படுக்காத நோய்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு, மூட்டு வலி. டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மெடிக்கல் ஷாப் பில். அந்தப் பழைய பாட்டில் மருந்து ஜன்னல் இதைத்தான் கவனித்துக்கொண்டது. இன்று இந்த இடத்தை நிரப்ப முயல்வது அரசின் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த மாத்திரை வருவதற்குப் பின்னால் 1994இல் அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மொத்தமாக டெண்டர் போட்டு மருந்து வாங்கி மாநிலம் முழுக்க அனுப்பும் அந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டன. எனக்குக் கேட்டால், நம் மாநிலத்தின் உண்மையான மருத்துவச் சீர்திருத்தம் அதுதான்.

ஏழைகளுக்கான காப்பீட்டில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, குடும்பத்துக்கு ஒரு லட்சம். 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து ஐந்து லட்சம் வரை ஆனது. ஆட்சி மாறியும் அட்டை செல்லாமல் போகவில்லை என்பதே பெரிய விஷயம். சேட்டுக் கடைக்குப் போன அந்தத் தையல்காரரின் பிள்ளைகள் இன்று அட்டையை எடுத்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரியிலேயே ஸ்டென்ட் வைத்துக்கொள்கிறார்கள். விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு யாராக இருந்தாலும் இலவசம் என்பது 2021 டிசம்பரில் வந்தது. சி.டி.எச். ரோட்டில் தினமும் பைக் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 72,000 என்று இருந்த வரம்பு 1,20,000 ஆக உயர்ந்தது, அவ்வளவுதான். மாதத்துக்குப் பத்தாயிரம். இ.எஸ்.ஐ.க்கு மாதம் இருபத்தோராயிரம். எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. ஐம்பத்தெட்டில் கம்பெனிக் காப்பீடு நிற்கிறது, எழுபதில் அரசுக் காப்பீடு வருகிறது. இடையில் பன்னிரண்டு ஆண்டு. மாரடைப்பும் மூட்டு மாற்றும் கண்புரையும் வரிசையாக வருகிற பன்னிரண்டு ஆண்டு. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை நாட்டில் குறைந்தது 30 சதவீதம் பேர், சுமார் 40 கோடிப் பேர், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நடுவில் விடுபட்டிருக்கிறார்கள் என்றது. திருமுல்லைவாயிலில் அவர்களைத் தேட வேண்டியதில்லை. சொந்த வீடு, ஒரு பைக், வாடகைக்கு விட்ட மாடி போர்ஷன். ஏழை என்று சான்று வாங்க வழியில்லை, ஐந்து லட்ச ரூபாய் பில்லைக் கட்டவும் வழியில்லை.

இந்த வீடுகளின் பிள்ளைகள் பலர் இப்போது வெளிநாட்டில். பிரசவம் பார்க்க அம்மா அமெரிக்கா போகும்போது ஆறு மாத மாத்திரையைப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் அடுக்குகிறார்கள், டாக்டர் சீட்டோடு. விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் பயன்படாது. பல் வலித்தால் பொறுத்துக்கொண்டு வந்து இங்கே காட்டுகிறார்கள். கிரீன் கார்டு வாங்கித் தங்கிவிட்டாலும் அறுபத்தைந்து கடந்தவர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகுதான் அங்குள்ள மெடிகேரில் சேரவே முடியும். பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் மகன், 1948 முதல் எல்லோருக்கும் பொதுவான அவர்கள் அரசு மருத்துவத்துக்காக, விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டுகிறான். 2015இல் அது 200 பவுண்டாக இருந்தது. பெற்றோர் சுற்றிப்பார்க்கப் போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒன்றரை மடங்கு கட்டணம். பிள்ளைகளும் விடுமுறைக்கு வரும்போது பல், கண், முழு உடல் பரிசோதனை எல்லாவற்றையும் இங்கே முடித்துக்கொண்டு போகிறார்கள். கிரீம்ஸ் சாலைப் பக்கத்து லாட்ஜுகளில் வங்காள மொழியில் பெயர்ப் பலகை இருக்கிறது. உலகம் சென்னைக்கு வைத்தியத்துக்கு வருகிறது, சென்னைப் புறநகரில் இருப்பவர் பாலிசியை விட்டுவிடுகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை ஓயவே இல்லை. 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி 2014 முதல் முன்பே நோய் இருப்பதைக் காட்டி யாரையும் மறுக்க முடியாது. வயதுக்காகப் பிரீமியம் ஏற்றினாலும் இளைஞர் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பிரீமியத்துக்கான மானியத்தை நீட்டிப்பதா என்ற தகராறில்தான் 2025 அக்டோபர் முதல் 43 நாள் அந்நாட்டு அரசே முடங்கிக் கிடந்தது. மூன்று மடங்கு என்ற அந்த வரம்பு நம் நாட்டில் இல்லை. ஜெர்மனி 1883இல் தொழிலாளியின் கூலியிலிருந்து பங்கு எடுத்துத் தொடங்கியது. நம் இ.எஸ்.ஐ.யின் வேரும் அந்த யோசனைதான். ஜெர்மனி அந்த வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய் ஓய்வு பெற்றவர்களையும் உள்ளே வைத்துக்கொண்டது. தாய்லாந்து 2002 சட்டத்தால் விடுபட்ட அனைவரையும் வரிப்பணத்தில் சேர்த்தது, ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு 30 பாட் மட்டும் வாங்கியது. நம் நாடு 2017 கொள்கையில் மருத்துவத்துக்கு அரசு செலவை நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. 2021-22இல் அது 1.84 சதவீதத்தில் இருந்தது. மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசின் பங்கு 2013-14இல் இருந்த 64 சதவீதத்திலிருந்து 39 ஆக இறங்கியிருப்பது நல்ல செய்தி. அந்த 39ஐ யார் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இ.எஸ்.ஐ.யின் சம்பளக் கோட்டை முப்பதாயிரத்துக்காவது உயர்த்த வேண்டும் என்பது என் கட்சி. முதலாளிகள் சுமை என்பார்கள், சிறு பட்டறைக்காரர்களுக்கு அது நியாயமான கவலை. ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே கூட்டம் என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் கூடுதலாக வருபவர்கள் பணத்தோடுதான் வருகிறார்கள். வரிசையில் சத்தமாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் சேர்ந்தால் அந்த வரிசையின் தரமும் கூடும். கொஞ்சம் சம்பளம் ஏறியவர்களையெல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டே இருந்ததால்தான் இ.எஸ்.ஐ. என்றால் இளப்பம் என்ற நிலை வந்தது என்று நம்புகிறேன்.

அதுவரை, தெரியாமல் விட்டுப்போன ஒன்றை இந்தப் பக்கத்து ஓய்வூதியர்களிடம் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து ஆண்டு இருந்து, வயது நிறைந்து ஓய்வு பெற்றவர், தனக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். கட்டணம் ஆண்டுக்கு 120 ரூபாய். சம்பளம் வரம்பைத் தாண்டியதால் கடைசி ஆண்டுகளில் வெளியேற நேர்ந்தவர்களுக்கு இந்த வழி வெகுகாலம் அடைத்தே இருந்தது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு அப்படி வெளியேறி, 30,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளத்தில் ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள 2024 பிப்ரவரியில் இ.எஸ்.ஐ. கழகம் முடிவெடுத்தது. பழைய ஐ.பி. நம்பர், அதாவது இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண், எழுதிய கார்டு பீரோவில் எங்காவது இருக்கும். அதையும், ஓய்வு பெற்றதற்கான கடிதத்தையும், ஆதாரையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை இல்லை என்று சொன்னால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.